எரியாத நெஞ்சு

கழுத்தை முதலிலேயே அளந்து வைத்துவிட்டு, கயிறு வாங்கி வர எங்களைக் கூப்பிட்டிருந்தார் இரைப்பை டாக்டர்.

இது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சித்திக்கு, அவர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்ன விதத்திலேயே புரிந்துவிட்டதாம். வழக்கு முடிந்த பிறகு அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள்.

சித்தி என்றால் என் அம்மாவின் கடைசித் தங்கை. துப்பறிவது அவள் தொழில். அவள் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது என் தொழில். வெளி ஆட்கள் முன்னால் அவளை 'மேடம்' என்று கூப்பிட வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தின் ஒரே விதி. அலுவலகம் என்பது சித்தி வீட்டு முன்னறை. அங்கேயும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

காலை நேரம். ஆஸ்பத்திரியில் தரை துடைத்த ஈரம் காயவில்லை. வெறும் வயிற்றோடு துப்பறியப் போகக் கூடாது என்று வீட்டிலேயே சொல்லிப் பார்த்தேன். வயிற்று டாக்டரிடம் போகும்போது வெறும் வயிறுதான் மரியாதை என்று சொல்லி இழுத்து வந்துவிட்டாள்.

டாக்டர் ஒல்லி. உப்பு, புளி, காரம் மூன்றையும் அடுத்தவர் வாயிலிருந்து பிடுங்கியே பேர் வாங்கியவர். தான் வேண்டாம் என்று சொன்ன எதையும் தானும் தொட்டதில்லை என்பது அவர் கன்னத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மேடம், எதுக்களிப்புன்னா என்னன்னு தெரியுமா?"

"தெரியும்," என்றாள் சித்தி. "கல்யாண வீட்டுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு இவனுக்கு இருக்கும்."

டாக்டர் என் வயிற்றைத் தொழில் முறையில் ஒரு பார்வை பார்த்தார். பிறகு விளக்கினார். உணவுக்குழாயும் இரைப்பையும் சேருகிற இடத்தில் ஒரு இறுக்கமான வாய் இருக்கிறது. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும், நெஞ்சு எரியும். அந்த வாயை இறுக்க அவர் ஒரு மாத்திரை கண்டுபிடித்திருக்கிறார். ஐந்து பேரை வார்டில் தங்க வைத்து மாத்திரை கொடுக்கிறார். மூக்கு வழியாக நூல் போல ஒரு குழாய் உள்ளே போகிறது. அதன் நுனி, அமிலம் ஏறுகிறதா என்று பார்த்து, இடுப்பில் கட்டிய பெட்டிக்குச் சொல்கிறது. பெட்டி அதைக் கோடாக வரைகிறது.

"முதல்ல கோடு தரையோட தரையா கிடந்தது மேடம். என் பதினஞ்சு வருஷ உழைப்பு. அப்புறம் ஒருநாள் காலையில கட்டிலுக்கு அடியில பிஸ்கட் தூள். ராத்திரியில யாரோ தீனி குடுக்கறாங்கன்னு புரிஞ்சுபோச்சு. அன்னியிலேருந்து நானே வார்டுல நாற்காலி போட்டு, விடிய விடிய கதவையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

"கோடு?"

"அன்னியிலேருந்துதான் மலை ஏறுது."

"யார் மேல சந்தேகம்?"

"சந்தேகமே இல்ல. ராத்திரி டியூட்டி சிஸ்டர்தான். நான் வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரத்துலேயே அஞ்சு பேருக்கும் ஏறுது. அப்படின்னா நான் வர்றதுக்கு முன்னாடியே குடுத்து முடிச்சுடறாங்க. அதைவிடப் பெரிய சாட்சி ஒண்ணு இருக்கு." குரலைத் தாழ்த்தினார். "அந்தம்மா லீவுல போற ராத்திரி ஒருத்தருக்கும் ஏறறது இல்ல."

"அந்த ராத்திரி நீங்க எங்க இருப்பீங்க?"

"வீட்டுல நிம்மதியா தூங்குவேன். திருடி இல்லாத வீட்டுக்கு எதுக்கு மேடம் காவல்?"

நியாயமான பேச்சு. நான் தலையாட்டினேன். சித்தி ஆட்டவில்லை.

"இன்னிக்குப் பன்னெண்டு மணிக்குக் கமிட்டி. ஆராய்ச்சியை நிறுத்தணும்னு துறைத் தலைவர் ஒத்தக் கால்ல நிக்கறார். கெடுத்தது யாருன்னு நான் சொல்லியாகணும். சிஸ்டர் பேரைச் சொல்லப் போறேன். எப்படிக் குடுக்கறாங்கன்னு மட்டும் நீங்க கண்டுபிடிச்சுக் குடுத்தா போதும்."

"பேரைச் சொன்னா அவங்க வேலை என்னாகும்?"

"போகும்," என்றார், மழை வரும் என்பது போல. "நோயாளிக்குத் துரோகம் பண்ணவங்களை வேற எங்கயும் சேர்க்க மாட்டாங்க."

அப்போதுதான் எனக்குக் கயிறும் கழுத்தும் புரிந்தது.

---

வார்டில் ஆறு கட்டில்கள், ஒரே வரிசையாக, தலைமாடு சுவரோரம். மல்லாந்து படுத்தால் இடது கைப்பக்கக் கடைசியில் கதவு. வலது கைப்பக்கக் கடைசியில் டாக்டரின் காவல் நாற்காலி, ஒரு மேஜை விளக்கு. நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பெரிய விளம்பரப் பலகை: 'நெஞ்செரிச்சலா? இதைச் செய்யுங்கள்.' கீழே டாக்டரின் புகைப்படம், சிரிக்காமல்.

ஐந்து பேர் அப்போதுதான் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கில் குழாய், கன்னத்தில் பிளாஸ்திரி, இடுப்பில் பெட்டி. சித்தி ஒவ்வொரு முகத்தையும் தக்காளி பொறுக்குகிறவள் மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பொறுக்கி முடித்ததும் ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தாள். நானும் பார்த்தேன். வலது கன்னங்களில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. தூங்கி எழுந்த முகத்தில் வேறு என்ன இருக்கும்?

"ராத்திரி ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"எச்சிலையே யோசிச்சுத்தான் தம்பி முழுங்கறோம்," என்றார் முதல் கட்டில் பஸ் டிரைவர்.

"சிஸ்டர் ஏதும் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. மாத்திரை, தண்ணி, அறிவுரை."

சித்தி கேட்டாள்: "தூக்கமாவது நல்லா வருதா?"

டிரைவர் குரலைத் தணித்தார். "எப்படிம்மா வரும்? அவ்வளவு பெரிய டாக்டர், நமக்காகக் கண்ணு முழிச்சு உட்கார்ந்திருக்கார். நாம காலை நீட்டிக் குறட்டை விடறதா? ஒரு மரியாதை வேணாம்?"

பக்கத்துக் கட்டில் கணக்கு வாத்தியாரும் ஆமோதித்தார். பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்தே பழகிய தனக்கு, மேற்பார்வைக்குள் தூங்குவது எவ்வளவு கஷ்டம் என்று இப்போதுதான் தெரிந்ததாம்.

ஆறாவது கட்டில், நாற்காலிக்கு ரொம்ப அருகில். அதில் ஒரு பெரியவர் இன்னும் எழவில்லை. போர்வைக்கு வெளியே தெரிந்தது முதுகு மட்டும்.

"இவர்?"

"என் மாமனார்," என்றார் டாக்டர். பல்வலியைச் சொல்கிற குரல். "ஆராய்ச்சிக் கணக்குல சேர்த்தி இல்ல. என் மனைவியோட கணக்குல சேர்த்தி. அப்பாவுக்கும் மாத்திரை குடுத்து ஒரு குழாய் போடுங்கன்னு ஒரே பிடிவாதம், போட்டேன். இவரை விட்டுடுங்க. இவருக்கு ஒருநாளும் ஏறினதே இல்ல."

"ஏன்?"

"சிஸ்டர் இவருக்கு மட்டும் தீனி குடுக்கறதில்ல. டாக்டரோட மாமனார்னு பயம் இருக்கும்ல?"

டாக்டரை யாரோ கூப்பிட்டார்கள், போனார். சித்தி எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு சிஸ்டரைப் பார்க்கக் கிளம்பினாள். கண்ணைக் காட்டினால் தேடு என்று அர்த்தம். எதை என்று அவள் எப்போதும் சொல்வதில்லை.

பெரியவர் எழுந்து, மூக்குக் குழாயைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டுக்கொண்டு குளியலறைக்குப் போனார். நான் அசதியாக அவர் கட்டிலில் உட்கார்ந்தேன். ஏதோ நறநறவென்றது. எழுந்து பின்பக்கம் தட்டினேன். பிஸ்கட் தூள் கொட்டியது. தலையணை உறைக்குள் கை விட்டேன். பாதி தீர்ந்த ஒரு பாக்கெட்.

தடயம் தேடிப் பூதக்கண்ணாடியோடு அலைகிறவர்கள் இருக்கிறார்கள். நான் உட்கார்ந்தே கண்டுபிடித்தேன். பாக்கெட்டைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு சித்தியைத் தேடி ஓடினேன்.

---

வார்டை ஒட்டிய சின்ன அறையில் சிஸ்டர் ஒரு பையில் சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்தார். டம்ளர், சீப்பு, கம்பளிச் சட்டை. ஆணியில் தொங்கிய குடையையும் எடுத்து உள்ளே செருகினார். ஐம்பது வயதை நெருங்கியவர், கண் சிவந்திருந்தது. ராத்திரி டியூட்டியால் மட்டும் அவ்வளவு சிவக்காது.

"உங்களை அனுப்பப் போறதா யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டாள் சித்தி.

"யாரும் சொல்லல. நேத்திலேருந்து ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துப் பேசல. அது போதாதா?"

"டாக்டர்?"

"அவர் என்கிட்ட பேசல. என்னைப் பத்திப் பேசினார். வராந்தாவுல நின்னு, 'சோறு போட்ட ஆஸ்பத்திரிக்கே ரெண்டகம் பண்றவங்களை வச்சிருக்கோம்'னு. கூட்டறவங்க, மருந்து குடுக்கறவங்க, பார்க்க வந்தவங்க, எல்லாரும் நின்னு கேட்டாங்க." பையின் வாரை இழுத்து முடிச்சுப் போட்டார். "இருபது வருஷம் அவர் கூடவே வேலை பார்த்திருக்கேன் மேடம். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல."

"பிஸ்கட் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சிஸ்டர் பையின் முடிச்சை இன்னொரு தடவை இறுக்கினார். நான் பாக்கெட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். அவர் முகம் மாறியது.

"பாவம், பெரியவரை விட்டுடுங்க. ஏற்கெனவே மாமனாருக்கும் மருமகனுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. இது வேற தெரிஞ்சா அந்த வீட்டுல அந்தப் பொண்ணுதான் ரெண்டு பக்கமும் இடி வாங்கும். ஒரு வயசாளி ஒரு பிஸ்கட்டைக் கடிக்கறதுக்காகவா அதெல்லாம்?"

தன் வேலை போகிறது, அதைக் காப்பாற்றும் சாட்சி கையில் இருக்கிறது, இந்த அம்மாள் யாரோ ஒருவர் வீட்டுச் சண்டையை நினைத்து வாயை மூடிக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபமே வந்தது. அழுகையும் கொஞ்சம் வந்தது. வெறும் வயிறு.

வெளியே வந்ததும் சொன்னேன்: "சித்தி, முடிஞ்சது. பெரியவர்தான். தானும் தின்னு, ராத்திரியில மத்தவங்களுக்கும் விநியோகம் பண்றார். வாங்க, சொல்லிட்டுப் போய் சாப்பிடலாம்."

"டாக்டருக்கு ஒரு அடி தள்ளி இருக்கு அந்தக் கட்டில். டாக்டர் முழிச்சிருக்கார். எப்படிடா விநியோகம்?"

"போர்வைக்குள்ள..."

"சரி, விடு. இவர் பிஸ்கட் தின்னிருக்கார். இவருக்கு ஏறுதா?"

"இல்ல."

"மத்த அஞ்சு பேர் தின்னலை. அவங்களுக்கு?"

"ஏறுது."

சித்தி நடந்துகொண்டே இருந்தாள். நான் நின்றுவிட்டேன். தின்றவர் நிம்மதியாகத் தூங்குகிறார்; பட்டினி கிடந்தவர்கள் புளித்த ஏப்பம் விடுகிறார்கள். இது எந்த ஊர் நியாயம்?

"அப்போ தீனிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லயா?"

"காலையிலேருந்து நான் அதைத்தானே சொல்றேன்," என்றாள், காலையிலிருந்து ஒன்றுமே சொல்லாத சித்தி.

---

பெரியவர் குளித்துவிட்டுக் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். தலையணை உறைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார். நான் பாக்கெட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வெட்கப்படவில்லை.

"மாத்திரை ஒழுங்கா போடறீங்களா அய்யா?" என்று கேட்டாள் சித்தி.

"சிஸ்டர் குடுக்குது, போட்டுக்கறேன். அவன் குடுத்தா துப்பிடுவேன்."

"மருமகன் மேல அப்படி என்ன கோபம்?"

"என் பொண்ணு கல்யாணத்துல, என் சொந்தச் செலவுல, என் சொந்தக்காரங்க முன்னால, நான் ரெண்டாவது தடவை வாங்கின தட்டைக் கையிலேருந்து பிடுங்கினான்மா. 'மாமா, உங்க வயித்துக்கு இது ஆகாது'ன்னு. தாலி கட்டி அரை மணி நேரம்கூட ஆகல. அன்னியோட பேச்சு முடிஞ்சது."

"இப்ப ராத்திரி முழுக்க உங்க தலைமாட்டுலயே உட்கார்ந்திருக்காரே?"

"இருக்கட்டும். அவன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டுத் தூங்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

சித்தி சிரித்தாள். எங்கள் தொழிலில் அவள் சிரிப்பது வழக்கு முடிந்ததற்கு அடையாளம். எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

"டாக்டரைக் கூட்டிட்டு வா."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். பதினொன்றரை தாண்டியிருந்தது. கையில் கமிட்டிக்கான கோப்பு. "கண்டுபிடிச்சுட்டீங்களா? எப்படிக் குடுக்கறாங்க?"

"காட்டறேன். நீங்க ராத்திரி உட்கார்ற மாதிரி அந்த நாற்காலியில உட்காருங்க. கண்ணு கதவு மேலேயே இருக்கட்டும்." அவள் ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டாள். மேஜை விளக்கைப் போட்டாள். வார்டு மங்கியது. "மத்தவங்க எல்லாரும் ராத்திரி எப்படிப் படுப்பீங்களோ அப்படியே படுங்க. வெட்கப்படாதீங்க."

கட்டில்கள் கிறீச்சிட்டன. போர்வைகள் அசைந்தன. பிறகு சத்தம் நின்றது.

"இப்ப கதவைப் பார்க்க வேணாம் டாக்டர்," என்றாள் சித்தி. "இவங்களைப் பாருங்க."

டாக்டர் பார்த்தார். நானும் பார்த்தேன். டிரைவர், வாத்தியார், மற்ற மூன்று பேர், ஐந்து பேரும் ஒருக்களித்து நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருந்தார்கள். ஐந்து முகங்கள், வகுப்பில் முதல் பெஞ்சு மாதிரி, பணிவாக. ஆறாவது கட்டிலில் மட்டும் ஒரு முதுகு.

"ஏன் எல்லாரும் இந்தப் பக்கமே படுக்கறீங்க?" என்று கேட்டாள் சித்தி.

டிரைவருக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "பின்ன? டாக்டர் அய்யாவுக்கு முதுகைக் காட்டியா படுக்கறது?"

"டாக்டர், உங்க தலைக்குப் பின்னால ஒரு பலகை இருக்கு. மூணாவது வரியைக் கொஞ்சம் சத்தமா படிங்க."

டாக்டர் திரும்பினார். விரலால் வரிகளை எண்ணி, மூன்றாவதில் நிறுத்தினார். அவர் நிலைமையைப் பார்த்து நானே படித்தேன்: "'இடது பக்கமாகச் சரிந்து படுங்கள். வலது பக்கம் படுத்தால் அமிலம் மேலேறும்.'"

டாக்டர் மெல்லப் பேசினார். எங்களுக்கு இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டார். "இரைப்பை இடது பக்கம் தொங்கற பை. இடது பக்கம் படுத்தா அமிலம் பையோட அடியில தேங்கும். வலது பக்கம் படுத்தா பை மேல போயிடும், வாய் கீழ வந்துடும். எந்த மாத்திரையானாலும் திணறும்... பெட்டி, ஆள் படுத்திருக்காங்களான்னு மட்டும்தான் சொல்லும், எந்தப் பக்கம்னு சொல்லாது. நான் கதவையே..."

"நீங்க வந்து உட்கார்ந்த கொஞ்ச நேரத்துல ஏறுதுன்னு நீங்களே சொன்னீங்க," என்றாள் சித்தி. "சிஸ்டர் லீவுன்னா ஏறலைன்னும் சொன்னீங்க. அன்னிக்கு நீங்களும் லீவு. உங்க மாத்திரை நல்லா வேலை செய்யுது டாக்டர். பிஸ்கட் தின்னுட்டு, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் படுத்தவருக்கு ஒண்ணுமே ஆகல."

"பிஸ்கட்டா?" என்றார் டாக்டர்.

"கட்டிலுக்கு அடியில கிடந்ததும் அதுதான். யாருடையதுன்னு சிஸ்டருக்கு முதல் நாளே தெரியும். உங்க வீட்டுல சண்டை வரக் கூடாதுன்னு சொல்லல."

முதுகு லேசாக அசைந்தது. பாக்கெட் சரசரத்தது.

டாக்டர் எழுந்தார். சிஸ்டர் அறை வாசலுக்குப் போய் நின்றார். பை தோளில், கிளம்பத் தயாராக நின்றிருந்தார் சிஸ்டர். இரைப்பை டாக்டருக்கு அந்த நிமிடம் இரைப்பையில் என்ன நடந்தது என்று பார்க்க ஒரு குழாய் இல்லாமல் போய்விட்டது.

"சிஸ்டர்," என்றார், காற்று மாதிரி ஒரு குரலில். "தப்பு என்னோடது. மன்னிச்சுக்கங்க."

சிஸ்டர் அவரைப் பார்த்தார். "இதை மட்டும் இவ்வளவு மெதுவா சொல்றீங்களே டாக்டர். அன்னிக்கு வராந்தா பூரா கேட்டுச்சு."

டாக்டர் கமிட்டிக் கோப்பை என் கையில் திணித்துவிட்டு, வராந்தாவின் மறுகோடியில் இருந்த கமிட்டி அறைக்கு நடந்தார். கதவைத் திறந்து உள்ளே போனார். மூடவில்லை. உள்ளிருந்து யாரோ மூடச் சொன்னார்கள். அப்போதும் மூடவில்லை.

"ஆராய்ச்சியைக் கெடுத்தது யாருன்னு தெரிஞ்சுபோச்சு," என்ற குரல் வராந்தா முழுக்க வந்தது. "நான்தான். ராத்திரி சிஸ்டர் மேல ஒரு குத்தமும் இல்ல. அவங்களைப் பத்தி நான் வராந்தாவுல சொன்னது பொய். அதனாலதான் கதவைத் திறந்து வச்சுட்டுச் சொல்றேன்."

கூட்டுகிற பெண் துடைப்பத்தை நிறுத்தினாள். மருந்து ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழிய விட்டார். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கி, குடையை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினார்.

டாக்டர் திரும்பி வர நேரமாயிற்று. ஆராய்ச்சியைத் தொடரலாம் என்றும், நாற்காலியை மட்டும் அப்புறப்படுத்த வேண்டும் என்றும் கமிட்டி சொல்லிவிட்டதாம். யாரையும் ஏவாமல் அவரே வார்டுக்குள் வந்து நாற்காலியைத் தூக்கினார். முகம் சுண்டிப்போயிருந்தது.

ஆறாவது கட்டில் கிறீச்சிட்டது. முதுகு மெல்லப் புரண்டது. கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக மாமனார் மருமகனை முகத்துக்கு நேராகப் பார்த்தார்.

"மாப்ளே," என்றார். "இங்க வரைக்கும் கேட்டுச்சு."

டாக்டர் நாற்காலியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் தலையணையைச் சரி செய்துகொண்டு, மருமகனைப் பார்த்தபடியே வசதியாகச் சாய்ந்தார்.

"அய்யா," என்றார் சிஸ்டர், மாத்திரைத் தட்டோடு உள்ளே வந்தபடி. "இடது பக்கம்."